சோதினைக்குக் கொளுத்திய வெடி

இதை எழுதாமலே விடத்தான் இருந்தேன். எங்கள் வகுப்பு மொனிட்டர், பள்ளிக்கூடம் விட்டு இவ்வளவு காலமாகியும் இன்னும் பதவி விலகாத அந்த மனுசன், வட்ஸ்அப் குழுவில் "எல்லாரும் பள்ளிக்கால நினைவு ஒண்டு எழுதிப் போடுங்கோ, எழுதாத ஆக்களின்ரை பேரைக் கரும்பலகையிலை எழுதுவன்" என்று போட்டபோது, சிரித்துவிட்டுப் போனைப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டேன். ஓ.எல். சோதினைக் கணக்கில் இரண்டு தரம் குப்புற விழுந்தவன் எழுதி யார் வாசிப்பது? பிறகு நீங்கள் ஒவ்வொருவராக எழுதிப் போட்டதைப் பார்த்தேன். மாங்காய்க்குக் கல்லெறிந்தது, ரீச்சரிடம் அடி வாங்கியது, திரும்பவும் மாங்காய். அந்தக் கல்லில் பாதியை எறிந்தவன் நான்தான். அடியில் முக்கால்வாசியை வாங்கினவனும் நான்தான். அதனால் அதை விட்டுவிட்டு வேறொன்றை எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போகலாம்.

நமக்கெல்லாம் வயதாகிவிட்டது. சிரிக்காதீர்கள். இருபத்தைந்து வயதில் எனக்கு முன்தலை வெளித்துவிட்டது. உங்களில் இரண்டுபேர் படியேறும்போது மூச்சு வாங்குவதைப் போன கலியாண வீட்டில் கண்டேன். கிழவர்கள் கதைப்பதுபோல் கதைக்க நமக்கும் உரிமை உண்டு.

நீங்கள் பல்கலைக்கழகம் போக ஏ.எல். சோதினை எழுதிய அந்த ஆவணியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நீங்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நான் எழுதவில்லை. நான் அப்போது சவுண்ட் முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். கோயில் திருவிழா, கலியாணவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கரைப் பனையில் ஏற்றிக் கட்டுவது என் உத்தியோகம். நீங்கள் வெள்ளைக் காற்சட்டையோடு கீழே போவீர்கள். நான் பனையில் இருந்து உங்கள் தலையில் பன்னாடையைப் போடுவேன். அந்த உயரத்தில் இருந்து பார்த்தால் படித்த ஆட்களின் தலையும் மற்றத் தலைகள் மாதிரித்தான் தெரியும்.

என் மச்சாளை உங்களுக்குத் தெரியும். அம்மாவின் தமையனுடைய மகள். முன்வாங்கில் இருந்துகொண்டு பின்வாங்குக்காரர் நம்மை ஒருநாளும் திரும்பிப் பாராதவள். பார்த்தால் நான் ஏதாவது செய்து சிரிப்புக் காட்டுவேன் என்று அவளுக்குப் பயம். கொமர்ஸ் படித்தாள். அவள் வீடு கோயில் மேற்கு வீதியோடு ஒட்டினது. ஐயர் தும்மினால் அவர்கள் வீட்டுக் குசினிக்குள் கேட்கும்.

உங்களுக்குத் தெரியாதது அவள் எப்படிப் படித்தாள் என்பது.

சண்டை முடிந்து வன்னியில் இருந்து திரும்பி வந்த நாளிலிருந்து மாமாவுக்கு வெடிச்சத்தம் ஒத்துக்கொள்ளாது. மற்ற நேரங்களில் நல்ல மனுசன். விறகு கொத்துவார், ஆட்டுக்குக் குழை வெட்டுவார், என்னைக் கண்டால் "என்னடா மருமோன், இண்டைக்கும் பனையோ?" என்று கேட்பார். எங்கேயாவது ஒரு ரயர் வெடித்தால் போதும். அந்த மனுசன் போய்விடுவார், வேறு யாரோ அந்தச் சாரத்துக்குள் நிற்பார். கண் ஓரிடத்தில் நிற்காது. பதுங்க இடம் தேடி ஓடுவார். அவரைத் திரும்பக் கொண்டுவருவது மச்சாளின் குரல் மட்டும்தான். மாமி கூப்பிட்டால்கூட வரமாட்டார்.

மாமி விடிய முதலே சுன்னாகம் சந்தைக்குப் போய்விடுவா. அங்கே வெங்காயம் தரம் பிரிக்கிற வேலை. பின்னேரம் வரும்போது தலைமயிரெல்லாம் வெங்காயச் சருகு ஒட்டியிருக்கும். கையைக் கழுவிவிட்டுத் தேத்தண்ணி தந்தாலும் அதில் வெங்காயம் மணக்கும். அந்த மணத்தைக் குடித்துத்தான் நானும் மச்சாளும் வளர்ந்தோம். மாமி ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லியிருந்தா.

"பார் பிள்ளை, ஒருக்கால்தான். சரிவந்தா கம்பஸ். சரிவராட்டி ரண்டாந்தரம், மூண்டாந்தரம் எண்டு என்னாலை ஏலாது. என்னோடை சந்தைக்கு வா."

கொடுமைக்காரி என்று நினைக்காதீர்கள். அவவின் விரல் நகங்களைப் பார்த்திருந்தால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

ஆகவே மச்சாள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் பாயை விரித்து மாமாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு சத்தமாகப் படிப்பாள். அவருக்குப் படிப்பிப்பதுபோலவே படிப்பாள்.

"அப்பா, அமையச் செலவு எண்டா என்ன தெரியுமோ? ஒண்டை எடுக்கிறதுக்காக மற்றதை விடுறம் இல்லையோ, அந்த விட்டதுதான் செலவு."

"ஓம், ஓம்" என்பார் மாமா, பெரிய வியாபாரி மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு.

"எங்கை, திருப்பிச் சொல்லுங்கோ பாப்பம்."

"விட்டதுதான் செலவு."

நான் வேலிக்கு அங்கால் நின்று, "மாமா பாஸ், மச்சாள் பெயில்" என்று கத்துவேன். அவள் எறிகிற பொருள் எதுவென்று முன்கூட்டிச் சொல்லமுடியாது. ஒருநாள் விளக்குமாறு, ஒருநாள் அரைவாசி வாழைப்பழம்.

திருவிழா அந்த வருசமும் சோதினையோடு சேர்ந்து வந்தது. கொடியேற்றத்துக்கு முதல்நாள் நான் பனையில் ஏறி, மேற்கு வீதிக் குழாய்களைத் தோட்டப்பக்கம் திருப்பிக் கட்டினேன். வெங்காயம் பக்திப்பாட்டுக் கேட்டு நன்றாக விளையட்டும் என்பது என் எண்ணம். அடுத்தநாள் காலையிலேயே கோயில் தலைவர் வந்துவிட்டார். தலைவரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அரசாங்கக் கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, சந்தனம், கையில் எப்போதும் குடை.

"டேய் பெடியா, உந்தக் குழாய் ஏன் தோட்டத்தைப் பாத்துக்கொண்டு நிக்குது?"

"காத்துக்குத் திரும்பியிருக்கும் ஐயா."

"காத்துக்குத் திரும்பின குழாய்க்குப் புதுக்கயிறு ஆர் கட்டினது? காத்தோ?"

ஏறித் திருப்பிக் கட்டினேன். பிறகு ஒரு வயரைக் கழற்றிவிட்டேன். அதையும் கண்டுபிடித்தார். மற்றக் கமிட்டிக்காரருக்குக் காது மந்தம், இவருக்கு மட்டும் நாய்க்காது.

பாட்டுப் பரவாயில்லை, வெடிதான் பிரச்சினை. அதற்கு நானும் மச்சாளும் ஒரு ஒழுங்கு செய்தோம். சாமி வெளிவீதிக்கு வெளிக்கிடும்போது வெடி கொளுத்துவார்கள். கொளுத்துகிறவன் நெருப்புக்கொள்ளி எடுக்கப் போகிறபோதே நான் அவளுக்கு மிஸ்கோல் அடிப்பேன். அவள் மாமாவை உள்ளறைக்குக் கூட்டிப்போய், காதில் ஹெட்செட்டைப் பூட்டிவிட்டுப் பொருளியலைச் சத்தம்போட்டு வாசிப்பாள். அந்த ஹெட்செட் முதலாளியின் பழைய சாமான். ஒரு பக்கம் உடைந்துபோய்க் கிடந்தது. நான் பாட்டாச் செருப்பை வெட்டிக் காதுப்பக்கம் வைத்து, உள்ளே பஞ்சு அடைத்து, மாமாவின் தலைக்கு அளவாக்கினேன். பெரிய கறுப்புச் சாமான். போட்டால் மாமா வானொலி அறிவிப்பாளர் மாதிரி இருப்பார். "நேயர்களே வணக்கம்" என்று நான் சொன்னால் அவரும் சிரித்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிடுவார். அது இப்போது எங்கே என்று தெரியாது. வீட்டுக் கூரை வேய்ந்தபோது குப்பையோடு போயிருக்க வேண்டும்.

இந்த ஒழுங்கு பிசகாமல் நடந்தது. கொடியேற்றம் தாண்டிற்று. மஞ்சத் திருவிழா தாண்டிற்று. நாங்கள் ஏதோ பெரிய மூளைசாலிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

சோதினைக்கு இரண்டொரு நாள் இருக்கும்போது தலைவர் என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"உன்ரை மச்சாள் முதற்சோதினைக்குப் போற அண்டைக்கு ஒரு விசேசம் செய்யப்போறம். எங்கடை வீதியிலை இந்தமுறை சோதினை எடுக்கிற ஒரே பிள்ளை. அருச்சனை செய்து, நிறைகுடம் வைச்சு, மாலை போட்டு அனுப்பப் போறம். சாமி வெளிக்கிடேக்கை வெடி கொளுத்திறம். பிள்ளை வெளிக்கிடேக்கையும் கொளுத்தத்தானே வேணும்?"

தோளில் கிடந்த வயர்ச்சுருளைக் கீழே வைத்தேன்.

"ஐயா, மற்றதெல்லாம் செய்யுங்கோ. வெடி மட்டும் வேண்டாம். மாமாவுக்கு ஒத்துக்கொள்ளாது."

"எனக்குத் தெரியாதே உன்ரை மாமாவை? உது ஆமிக்காரன்ரை வெடியோ? சாமியின்ரை வெடியடா. சாமி வெடிக்கு ஆரும் பயப்பிடுவினமோ? உண்மையிலை அவருக்குத்தான் அது நல்லது. காதுபடக் கேட்டா உள்ள பயமெல்லாம் தெளிஞ்சு ஓடிடும்."

"ஐயா, பகிடி இல்லை. உண்மையாத்தான் சொல்லுறன்."

"நீ எப்பதான் உண்மை சொன்னனி?"

அது எனக்கு நான் தேடி வைத்துக்கொண்ட பேர்தான். பனையில் இருந்து பன்னாடை போடுகிறவன் பகிடி இல்லை என்று சொன்னால் யார் நம்புவது? அம்மாவிடம் சொன்னேன். "பெரியாக்கள் யோசிச்சுத்தானே செய்யினம், நீ போய் வாய் காட்டாதை" என்றா. மாமியிடம் சொன்னேன். "பிள்ளைக்கு ஊர் சேந்து செய்யிற மரியாதையை வேண்டாம் எண்டு நான் எந்த வாயாலை சொல்லுறது?" என்று கேட்டா. மச்சாள், "ஹெட்செட்டை நல்லா இறுக்கி விடு" என்றாள்.

சோதினையன்று காலை மாமி வழமைபோல் சந்தைக்குப் போய்விட்டா. "நான் நிண்டா அழுதிடுவன், பிள்ளை குழம்பிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாவாம். நான் வெள்ளெனவே போய் மாமாவைச் சைக்கிளில் ஏற்றித் தோட்டப்பக்கம் கொண்டுபோய்விடப் பார்த்தேன். மனுசன் அசையவில்லை. மகள் வெள்ளைச் சட்டை போட்டுத் தலை வாரி இழுத்துக்கொண்டு நிற்கிறாள், தான் எங்கே போவது என்கிற மாதிரிப் படலைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சரி என்று ஹெட்செட்டைப் பூட்டிவிட்டேன். நெற்றிக்குத் திருநீறும் பூசி, காதில் அந்தக் கறுப்புச் சாமானுமாக மாமா நின்ற கோலம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

படலைக்கு வெளியே சனம். நிறைகுடம், குத்துவிளக்கு, கற்பூர மணம். ஓட்டோ வந்து நின்றது. தலைவர் மச்சாளுக்கு மாலை போட்டார். அவள் குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு தலைவர் மாமாவைப் பார்த்தார். பாசமாகத்தான் பார்த்தார், பொய் சொல்லக்கூடாது.

"என்ன இது, தகப்பன் மகளை வழியனுப்பேக்கை காதைப் பொத்திக்கொண்டு நிக்கிறதோ?"

சொல்லிக்கொண்டே ஹெட்செட்டைக் கழற்றிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, மாமாவின் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டார். "ஐயா!" என்று நான் கத்திக்கொண்டு ஓடினேன். என் சத்தம் முழுதாக வெளியே வரவில்லை. அதற்குள் வெடித்துவிட்டது.

மாலைவெடி, சரமாகக் கோத்தது. முழுவதும் வெடித்து முடிய வெகுநேரம் போனது போலிருந்தது. புகை கலைந்தபோது மாமா நின்ற இடத்தில் ஒரு செருப்பு மட்டும் கிடந்தது. அவர் எங்கள் வெங்காயத் தோட்டத்துக்குக் குறுக்கே, வரம்பு பாத்தி ஒன்றும் பாராமல், கழுத்து மாலை பறக்க ஓடிக்கொண்டிருந்தார்.

மச்சாள் கையிலிருந்த பேனைப் பெட்டியைப் போட்டுவிட்டு ஓட வெளிக்கிட்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"நீ போ. நான் பிடிக்கிறன்."

"உனக்கு அவர் வரமாட்டார்."

"வரப்பண்ணுறன். நீ ஓட்டோவிலை ஏறு."

"என்ன சொல்லி வரப்பண்ணுவாய்? உனக்கு என்ன தெரியும்?"

உண்மைதானே. எனக்கு என்ன தெரியும்? அவள் தோட்டத்தைப் பார்த்தாள், ஓட்டோவைப் பார்த்தாள். ஓட்டோக்காரர், "பிள்ளை, நேரம் போகுது, பிந்தினா உள்ளுக்கை விடமாட்டினம்" என்றார். அவள் முகம் அப்போது இருந்த மாதிரி அதன்பிறகு நான் கண்டதில்லை. கண்டால் தாங்கவும் மாட்டேன். நான்தான் பேனைப் பெட்டியைப் பொறுக்கி அவள் கையில் திணித்து, ஓட்டோவுக்குள் தள்ளிவிட்டேன். ஓட்டோவையே பார்த்துக்கொண்டு நின்ற சனம் கைதட்டியது. அவர்களுக்கு அவள் சந்தோசத்தில் அழுகிறாள்.

மாமாவைத் தேடித் திரிந்தேன். மோட்டர் கொட்டிலுக்குள் இல்லை. வாழைத் தோட்டத்துக்குள் இல்லை. கடைசியில் பெரிய ஒழுங்கையில் வெள்ளம் ஓடுகிற மதகுக்குள் இருந்து மாலையின் வால் தெரிந்தது. ஆவணியில் அது காய்ந்துபோய்க் கிடக்கும். உள்ளே ஆட்டுப் புழுக்கையும் சருகும். மாமா அந்தக் குழாய்க்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். நான் ஊர்ந்து போனதும் என் பிடரியைப் பிடித்து அமத்தினார்.

"தலையைக் குனி. தலையைக் குனி."

"மாமா, முடிஞ்சுது. வெடி முடிஞ்சுது."

"பிள்ளை எங்கை?"

"சோதினைக்குப் போட்டாள் மாமா."

"வெளியிலை நிக்கிறாள். உள்ளுக்கை வரச்சொல்லு. கெதியா வரச்சொல்லு."

அவளைப்போல் ஏதாவது பாடம் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஒரு பாடமும் வாயில் வரவில்லை. நானெல்லாம் வகுப்பில் என்ன செய்துகொண்டிருந்தேன்? கடைசியில் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அடியார்கள் தயவுசெய்து பாதணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும். நீலச்சட்டை போட்ட ஒரு குழந்தை கோயில் வாசலில் அழுதுகொண்டிருக்கிறது, பெற்றோர் உடன் வந்து கூட்டிச் செல்லவும்." மைக்கில் சொல்வதுபோலவே இழுத்து இழுத்துச் சொன்னேன். வேறு எந்த நாளாக இருந்தாலும் மாமா சிரித்திருப்பார். அன்று என் பிடரியில் இருந்த கையை எடுக்கவில்லை. தூரத்தில் நான் கட்டிய குழாயில் நான் போட்டுவிட்டு வந்த பாட்டே பாடிக்கொண்டிருந்தது. அப்படியே இருந்தோம். என்னைக் காப்பாற்றுகிறார் அவர். நான் அவரை வெளியே எடுக்க ஏலாமல் இருக்கிறேன். முதுகு வலித்தது, தண்ணீர் விடாய்த்தது, அசைந்தால் இன்னும் அமத்தினார்.

மத்தியானம் திரும்பியபிறகு மதகு வாயில் இரண்டு வெள்ளைச் சப்பாத்து வந்து நின்றது. மச்சாள். வெளியே தெரிந்த மாலையின் வாலைக் கண்டிருக்க வேண்டும். வெள்ளைச் சட்டையோடு அந்தப் புழுக்கைக்குள் ஊர்ந்து வந்து, மாமாவுக்கு முன்னால் இருந்து, கேள்வித்தாளை விரித்தாள்.

"அப்பா, முதலாவது கேள்வி சொல்லுறன், கேளுங்கோ."

ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான்காவதிலோ ஐந்தாவதிலோ மாமாவின் கை என் பிடரியில் இருந்து இறங்கியது. "ஓம்" என்றார். இன்னும் கொஞ்சம் போக, "ஓம், ஓம்" என்றார். மூன்றுபேரும் வெளியே வந்தபோது அவளுடைய சட்டையைப் பார்த்து, "என்ன பிள்ளை, எங்கை போய் உருண்டனி?" என்று கேட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். "விடைத்தாளிலை சுட்டெண்ணை எழுதிப்போட்டு எவ்வளவோ நேரம் ஒண்டும் எழுதேல்லை. எழும்பி வரத்தான் இருந்தனான். பேந்து அவர் பக்கத்திலை பாயிலை இருக்கிறார் எண்டு நினைச்சுக்கொண்டு, அவருக்குச் சொல்லுற மாதிரியே எழுதினன். கடைசிக் கேள்விக்கு நேரம் போதேல்லை."

நான் அவள் சட்டைக் கையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டேன்.

மற்றப் பாடங்களுக்கு அவளை யாரும் வழியனுப்ப வரவில்லை, புண்ணியம். றிசல்ட் வந்தபோது பட்டும்படாமல் எடுபட்டாள். யாழ்ப்பாணம் கிடைக்கவில்லை, தெற்கே மலைப்பக்கத்துக் கம்பஸ்தான் கிடைத்தது. மாமி அன்று வேலைக்குப் போகவில்லை. தலைவர் கற்கண்டோடு வந்தார். என் முதுகில் தட்டி, "பாத்தியோ, நீ வேண்டாம் எண்ட வெடியின்ரை மகிமையை" என்றார். சிரித்தேன். வேறென்ன செய்வது? அந்த மனுசன் மனதாரச் சந்தோசப்பட்டார், அதுதான் என் வாயை அடைத்தது. மதகுக் கதையைச் சொன்னேன் என்றே வையுங்கள். பகிடி விடுகிறேன் என்பார். இப்போது எங்கள் கோயிலில் அது வழமையாகிவிட்டது. சோதினைக்குப் போகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் மாலை, அருச்சனை, வெடி. போனமுறை வெடி இன்னும் நீளம்.

அவள் மலைப்பக்கம் போனபிறகு திருவிழாவென்றால் மாமாவுக்கு நான்தான். போனில் அவள் பாடம் சொல்லுவாள், நான் ஸ்பீக்கரில் போட்டு அவர் காதோரம் பிடிப்பேன். சிலநேரம் சரிவரும். போன வருசம் சிக்னல் இல்லாமல் நடுவில் அறுந்துபோய், மாமா கிணற்றுக்கட்டில் ஏறிவிட்டார். நானும் பக்கத்து வீட்டு அண்ணையும் இடுப்பில் பிடித்து இழுத்தோம்.

இந்தமுறை அவளுக்குக் கடைசி வருசச் சோதினை. அதுவும் திருவிழாவும் ஒரே கிழமையில் விழுந்திருக்கிறது. சோதினை மண்டபத்துக்குள் போன் கொண்டுபோக முடியாது. நேற்றுக் கதைத்தபோது, "நான் வாறன். சோதினையை அடுத்த வருசம் எடுக்கலாம்" என்றாள். "விசரே உனக்கு, நான் பாக்கிறன்" என்று பேசிவிட்டு வைத்தேன். எப்படிப் பார்க்கப்போகிறேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே பஸ்ஸுக்கு இடம் பதிந்திருப்பாள், அவளை எனக்குத் தெரியும். மாமாவை எங்கேயாவது கொண்டுபோகலாம் என்றால், நம் சொந்தக்காரர் எல்லாருக்கும் வீட்டோடு ஒரு கோயில். ஆவணியில் எந்தக் கோயிலில் வெடி இல்லை? முதலாளியிடம் லீவு கேட்டேன். திருவிழாக் காலத்தில் சவுண்ட்காரனுக்கு ஏதடா லீவு என்று சிரித்தார்.

அவ்வளவுதான் என் பள்ளிக்கால நினைவு. மாங்காய் இல்லாததற்கு மன்னிக்கவும். மொனிட்டர் என் பேரை அழித்துவிடலாம்.

இவ்வளவையும் மத்தியானம் குழுவில் போட்டேன். கட்டைவிரல்கள் வந்தன. கும்பிடுகிற கைகள் வந்தன. மொனிட்டர் ஓர் எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டினான். பின்னேரம் போல, இப்போது கொடிகாமத்தில் தேங்காய் ஏற்றுகிறவன், வகுப்பில் என்னோடு ஒருநாளும் ஒத்துவராதவன், ஒரு வரி போட்டான்:

"அலட்டாமல் மாமாவைக் கொடியேற்றத்துக்கு முதலே இஞ்சை கூட்டிக்கொண்டு வா, எங்கடை தென்னங்காணிக்குள்ளை தேங்காய் விழுற சத்தம் மட்டுந்தான்."